இருநூற்றுப் பதினான்காவது கீறல்

அரச கல்லறைத் தோட்டத்தில் காவலராகச் சேர்வதற்கு முன் அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் குறை பார்க்கும் வேலையில் இருந்தாள். மேசைமேல் வந்து விழும் சட்டையை எடுத்து, பொத்தான் கோணலா, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து வருடம் பார்த்த கண். கம்பெனியை மூடிய பிறகு, கல்லறைத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டாள்.

"இங்க என்ன வேலைன்னு தெரியுமா?" என்று கேட்டார் நேர்முகத்துக்கு வந்திருந்த அதிகாரி.

"சுவத்துல யாரும் பேரு எழுதாம பாத்துக்கணும். சட்டையில ஒரு நூல் தொங்கினாலே என் கண்ணுல பட்டுடும் சார். சுவத்துல சாவி பட்டா படாதா?"

வேலை கிடைத்தது. அதற்கப்புறம் பதினேழு வருடம் ஓடிவிட்டது.

தோட்டத்தில் மொத்தம் பதினொரு கல்லறைகள். நடுவில் பெரிய குவிமாடம், அதன் கீழே ராஜா. பக்கத்தில் அவருடைய தாயார். ராணிகள், தம்பிமார்கள், மூன்று வயதில் இறந்துபோன ஒரு குழந்தை என்று மற்றவர்கள் சுற்றிலும் சின்னச் சின்ன மண்டபங்களில். எல்லாம் வெள்ளைச் சுதைச் சுவர்கள், எழுதத் தூண்டும் சுவர்கள். சாவி, கொண்டை ஊசி, நாணயம், பேனா மூடி என்று எதை வேண்டுமானாலும் எடுத்து மக்கள் அதில் தங்கள் பெயரைக் கீறினார்கள்.

கீறப்போகிறவனை அவள் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். முதலில் இடது பக்கம் பார்ப்பான், பிறகு வலது பக்கம், பிறகு கை பாக்கெட்டுக்குள் போகும். சாவி சுவரைத் தொடுவதற்குள் அவளுடைய விசில் குவிமாடம் முழுக்க அலறும். "அந்த ராஜாவே எழுந்து உக்காந்திருப்பார்" என்று சக காவலர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு விசிலம்மா என்று பெயர் வந்துவிட்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

அவளுடைய கணவர் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் முகம் சுளிக்கிறவர். அதிகம் பேசமாட்டார். காலையில் வண்டியில் அவளைக் கொண்டுவந்து கல்லறைத் தோட்ட வாசலில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போவார், சாயங்காலம் வந்து அழைத்துப் போவார். பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட உள்ளே வந்ததில்லை.

"ஒரு தடவை உள்ள வந்து பாருங்களேன். ஊர் உலகத்துலேருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க."

"செத்துப்போனவங்க வீட்டுக்கு நான் எதுக்கு? அவங்க என்னிக்காவது நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்களா?"

இந்தப் பதிலை அவர் ஏழெட்டு முறையாவது சொல்லியிருப்பார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அவளுக்கு அன்றைய கீறல்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். சோறு போட்டுக்கொண்டே, "இன்னிக்கு ஒருத்தன் ராணி மண்டபத்துல இதயம் வரைஞ்சு, நடுவுல அம்பு வேற விட்டிருக்கான். எந்த உருப்படாதவனோ!" என்பாள். அவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். "ம்" என்பார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிய பிறகு வீட்டில் இந்தப் பேச்சுத்தான் மிச்சம்.

சென்ற ஆண்டு பெரிய குவிமாடத்தின் மேல்மாடத்தைப் பழுதுபார்த்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது என்று முடிவானது. குவிமாடத்தின் உள்பக்கத்தில், பாதி உயரத்தில், சுற்றிலும் ஓடும் ஒரு குறுகிய நடைபாதை அது. இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் கைப்பிடிச் சுவர் இடிந்ததிலிருந்து பூட்டியே கிடந்தது. பூட்டிய பிறகு வேலைக்கு வந்தவள் என்பதால் விசிலம்மா அங்கே ஏறியதில்லை.

சுண்ணாம்பும் பளிங்குத்தூளும் குழைத்துக் கீறல்களை அடைக்க ஒரு மேஸ்திரி வந்தார். அடைப்பதற்கு முன் ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்து, பதிவேட்டில் வரிசை எண் போட்டு, எந்த இடம், என்ன எழுதியிருக்கிறது, எழுதியவர் யார் என்று நிரப்ப வேண்டும் என்பது விதி. அதிகாரி அந்த வேலைக்கு அவளைப் போட்டார். "உன் கண்ணுக்குத் தப்பாது" என்றார்.

எழுதியவர் யார் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஒவ்வொன்றுக்கும் 'தெரியவில்லை' என்றே எழுதிக்கொண்டு வந்தாள். முதல் நாள் தொண்ணூறு கீறல். இரண்டாம் நாள் மதியத்துக்குள் இருநூற்றுப் பதின்மூன்று.

அடுத்தது மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் இருந்தது. மற்றவை எல்லாம் கோழி கிளறியது மாதிரி இருக்க, இது மட்டும் அச்சடித்தது மாதிரி இருந்தது. மேஸ்திரி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இதை எழுதினவன் கை தேர்ந்த ஆளு. எல்லா எழுத்தும் ஒரே ஆழம் பாருங்க. இந்த மாதிரி இருக்கறதை அடைக்கத்தான் பொறுமை வேணும்."

அவள் படித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆணின் பெயர், இனிஷியலோடு. பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர். அதற்கடியில் நாள், மாதம், வருடம்.

ஆணின் பெயர் அவளுடைய கணவருடையது. பெண்ணின் பெயர் அவளுடையது இல்லை.

ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், இனிஷியல்கூட ஒத்துப்போகலாம். ஆனால் இரண்டு பெயர்களுக்கும் கீழே ஒரு நேர்கோடு இருந்தது. அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் சின்ன அம்புக்குறி. பட்டறை வரைபடத்தில் நீளம் குறிக்கப் போடுகிற கோடு. கல்யாணம் பேசி முடித்த பிறகு அவர் அவளுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தார். வாடகைக்குப் பார்த்திருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பற்றி. அதில் வீட்டுப் படம் போட்டு, ஒவ்வொரு சுவருக்கும் கீழே இதே மாதிரி கோடு இழுத்து அளவு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

தேதியைக் கணக்குப் போட்டாள். அவர்களுடைய கல்யாணத்துக்குச் சரியாக ஏழு வாரம் முன்பு.

"என்னக்கா, மயக்கமா வருதா? தண்ணி குடிங்க" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்லை. வெயில்."

மேல்மாடத்தில் வெயில் இல்லை. மேஸ்திரி அதைச் சொல்லவில்லை. அவள் படம் எடுத்தாள். பதிவேட்டைத் திறந்து 214 என்று போட்டு, இரண்டு பெயர்களையும் தன் கையாலேயே எழுதினாள். எழுதியவர் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. 'தெரியும்' என்று எழுதிவிட்டு இருநூற்றுப் பதினைந்துக்குப் போனாள். அன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எழுதி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவர் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், போனை அவர் முன்னால் வைத்தாள்.

"இது யார் கைவேலை?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மேல பூட்டிட்டாங்கன்னு சொன்னியே" என்றார்.

"திறந்துட்டாங்க."

அவர் கண்ணாடியை மடித்து வைத்தார். பிறகு சொன்னார். அந்தப் பெண் அவர் அப்போது வேலை பார்த்த தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தவள். இரண்டு வருடப் பழக்கம். வீட்டில் சொல்ல இவருக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் அண்ணன் இவருக்கு வேறு இடத்தில் பெண் பேசி முடித்துவிட்டார். இவரும் தலையாட்டிவிட்டார். அதைச் சொல்லத்தான் அந்தப் பெண்ணைக் கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார்.

"சொன்னதும் அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, போகலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருந்தேன், இனி யோசிக்க வேண்டியதில்லைன்னா. அப்புறம், உனக்குத்தான் எழுத்து வெட்ட வருமே, எழுதிட்டுப் போயிடலாம்னா. யாராவது வராங்களான்னு அவதான் படிக்கட்டுப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டா."

"எங்க இருக்கா இப்ப?"

"தெரியாது. அன்னிக்குப் பாத்ததுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ல பயம். அதுக்கப்புறம், இனி எதுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. நீ அங்கேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு சொல்லவே முடியாதுன்னு ஆயிடுச்சு."

"பதினேழு வருஷமா எந்த உருப்படாதவன் எழுதினானோன்னு நான் தினம் கத்திட்டிருக்கேன். நீங்க பாட்டுக்குச் சோத்தைப் பிசைஞ்சிட்டு இருந்திருக்கீங்க."

"நீ உருப்படாதவன்னு சொன்னப்பல்லாம் நான் இல்லைன்னு சொல்லலையே. 'ம்'னுதானே சொன்னேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் எட்டு நாள் பேச்சு இல்லை. சோறு போட்டாள், வண்டியில் ஏறினாள், இறங்கினாள். அந்தப் பெண்ணின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று முயன்றுகூடப் பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் நின்று ஆள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திதான் மனதில் தெரிந்தாள். உறுத்தியது வேறு. 'செத்துப்போனவங்க வீட்டுக்கு நான் எதுக்கு?' என்ற அந்தப் பதில். அதைக் கேட்டு அவள் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறாள். பதினேழு வருடம் வாசலோடு திரும்பிப் போனவர் சோம்பலால் போகவில்லை, பயந்து போயிருக்கிறார். அது தெரியாமல் அவள் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நடுவில் மகள் போன் செய்தாள். அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை.

"அப்பாவா?" என்றாள் மகள். "நம்ம அப்பாவாம்மா? சத்தியமா?"

"ஏன்டி, உனக்கு இது சந்தோஷ சமாச்சாரமா?"

"இல்லம்மா. கோபப்படாதே. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும்னே எனக்குத் தெரியாது. சரி, நீ என்ன பண்ணப்போறே?"

"என்ன பண்ண? சுண்ணாம்பு வெச்சு அடைக்கப்போறாங்க."

"சுவத்தை இல்லம்மா, உன்னைக் கேட்டேன்."

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். பதிவேடு அவர் மேசைமேல் விரிந்து கிடந்தது.

"என்னம்மா இது? நானூத்திச் சொச்சம் கீறல்ல எல்லாத்துக்கும் தெரியலைன்னு எழுதிட்டு, இதுக்கு மட்டும் தெரியும்னு எழுதியிருக்கே?"

"தெரியும் சார்."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெண்ணின் பெயரை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, எதையோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டார்.

"விதிப்படி என்ன நடவடிக்கையோ எடுங்க சார். அடுத்தவங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்னு இருக்க வேண்டாம்."

"அந்த விதி வந்தே இருபது வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி எழுதினதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அவர் தப்பிச்சார்."

"அப்ப ஒரு உதவி. அடைக்கறதுக்கு முன்னாடி அவரை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போகணும்."

அதிகாரி சம்மதித்தார்.

அந்த வாரம் தன் விடுமுறை நாளில் அவள் சீருடை இல்லாமல் வாசலுக்கு வந்தாள். ஊழியர்களுக்கும் குடும்பத்துக்கும் டிக்கெட் தேவையில்லை. இருந்தும் வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினாள். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த கணவர், இஸ்திரி போட்ட சட்டையோடு, ஆபீஸ் அறைக்குக் கூப்பிடப்பட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி பின்னால் நின்றார்.

"என்னக்கா, லீவு நாள்லயும் வந்துட்டீங்க?" என்றான் வாசல் காவலன்.

"இன்னிக்கு நான் சுத்திப் பாக்க வந்தவ. பையைச் சோதனை பண்ணு, விடாதே."

நடந்தார்கள். வாய்க்கால், புல்வெளி, ராணி மண்டபம், குழந்தையின் கல்லறை. குழந்தையின் கல்லறை முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். "நாலு அடிகூட இல்லை" என்றார். பிறகு பெரிய குவிமாடத்துக்குள் போனார்கள். ராஜாவைச் சுற்றிப் பளிங்குச் சல்லடைத் தடுப்பு. அவர் அதன் பக்கத்தில் போய், தொடாமல், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே கட்டைவிரலைக் காற்றில் வைத்து அளந்தார்.

"எல்லாம் ஒரே அளவு. மெஷின் இல்லாம இதை எப்படிப் பண்ணினாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பதினேழு வருஷமா இங்கதானே நிக்கிறே?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு காலமாக இந்த மண்டபத்துக்குள் அவள் பார்த்ததெல்லாம் மனிதர்களின் கைகளை. அண்ணாந்து பார்த்தாள். குவிமாடத்தின் உச்சியில் நீலத்தில் ஒரு பெரிய பூ வரைந்திருந்தது. இதழ் இதழாக எண்ணினாள், பதினாறு இருந்தது. இது எப்போதுமே இங்கேதான் இருந்திருக்கிறது.

அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தூணுக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நல்ல உடுப்பு, தோளில் கேமரா, இடமும் வலமும் பார்த்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை வெளியே எடுத்தார். அவள் கவனித்தபோது சாவி சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. விசில் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் அவளுடைய கணவர் அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வேண்டாம் சார்."

"யார் நீங்க? இங்க வேலை பாக்கறீங்களா?"

"இல்லை. நானும் உங்களை மாதிரிதான். இதே இடத்துல, இதோ மேல, எழுதிட்டுப் போனேன். இருபத்தேழு வருஷம் கழிச்சு என் பொண்டாட்டியே கண்டுபிடிச்சு ரிஜிஸ்டர்ல ஏத்திட்டா. அதோ நிக்கிறா பாருங்க."

அந்த மனிதர் அவளைப் பார்த்தார். அவளுடைய முகத்தில் என்ன தெரிந்ததோ, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குவிமாடம் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மேல்மாடத்தில் மேஸ்திரி சுண்ணாம்பு குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். 214-ன் முன்னால் மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். கணவர் கையைக் கட்டிக்கொண்டு எழுத்துகளைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே மேஸ்திரி புரிந்துகொள்ளும் அளவுக்கு விஷயம் அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"அண்ணே, நீங்களே ஒரு கை வெக்கிறீங்களா?" என்று கரண்டியை நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. எனக்குத் தெரியாத வேலை. ஒரு தடவை கெடுத்தது போதும். நீங்களே செய்ங்க."

"எந்தப் பேரை முதல்ல அடைக்கட்டும்?" மேஸ்திரி அவரைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார்.

"இடது பக்கத்துலேருந்து ஆரம்பிங்க" என்றாள். "எப்பவும் அப்படித்தானே பண்றீங்க."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேஸ்திரி ஒவ்வொரு எழுத்தாகத் தண்ணீர் தெளித்து, தூசி தட்டி, சுண்ணாம்பைக் கரண்டி முனையால் உள்ளே தள்ளினார். பெண்ணின் பெயருக்கு வந்தபோது கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியாக அம்புக்குறிகள் இரண்டும் மறைந்தன.

திரும்பும்போது, வண்டியை எடுப்பதற்கு முன் அவர் கேட்டார். "கோபம் போச்சா?"

"பாதி."

"மீதி?"

"அது என்கிட்ட இருக்கட்டும். தேவைப்படும்போது எடுத்துக்கறேன்."

அவர் தலையாட்டினார். வண்டி கிளம்பியது. வழியில், வாடகை வீட்டுக் குழாயைப் பற்றிக் கடிதம் எழுதியதற்குப் பதிலாக வேறு ஏதாவது எழுதியிருக்கலாமே என்று அவள் அவர் காதருகே கேட்டாள். அந்த வீட்டில் குழாய்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது என்றார் அவர். அது உண்மைதான்.

அடுத்த ஆண்டு மேல்மாடத்தைத் திறந்தார்கள். அவளுக்கு அங்கேயே பணி போட்டார்கள். சுண்ணாம்பு காய்ந்து மற்ற சுவரோடு ஒட்டிப்போனதும், முதல் மழைக்கு அப்புறம் 214 எந்த இடம் என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை லீவு. மதியம் கணவர் டிபன் பாக்ஸோடு உள்ளே வருவார். வாய்க்கால் ஓரத்துப் பெஞ்சில் இருவரும் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட பிறகு அவர் உடனே கிளம்பமாட்டார். பதினொரு கல்லறைகளில் ஏழு மட்டும்தான் பார்த்து முடித்திருக்கிறார். ஒவ்வொன்றின் தூணையும் சுற்றிவந்து, எந்தத் தூண் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார். அதிகாரி அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, வடக்கு மண்டபத்துத் தூணை மட்டும் பொறியாளரை வரவழைத்துக் காட்டினார். தூண் உண்மையிலேயே சாய்ந்துதான் இருந்தது.